இறங்குவதற்கு ஒரு சைக்கிள்

துரையின் கார் எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். கார் தாண்டி, புழுதி அடங்கிய பிறகு ஏறிக்கொள்ளலாம். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி வந்தாலும் அப்படித்தான். மலாயாவின் பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் அப்போது இதுதான் சட்டம். எந்தப் பலகையிலும் இதை எழுதி வைக்கவில்லை. லயத்து வீடுகளில் சம்சுச் சாராயம் காய்ச்சக் கூடாது என்று மூன்று மொழிகளில் எழுதி வைத்திருந்தார்கள். அதை மீறாத லயம் கிடையாது. எழுதாத இந்தச் சட்டத்தை மட்டும் ஒருவரும் மீறியதில்லை.

வீரமுத்துவும் மீறவில்லை. அதனால்தான் பால் கொட்டியது.

முப்பத்தாறாம் வருஷத்துச் சித்திரை வெயில். கித்தா மரத்தில் பால் வெட்டி, எடை போட்டு, வீட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு தின்றுவிட்டு, மாட்டுப் பாலை எடுத்துக்கொண்டு டவுனுக்குக் கிளம்பியிருந்தான். சைக்கிள் இரவல். கங்காணி ஐயாசாமியின் பெரிய சீமைச் சைக்கிள், நடுவில் குறுக்குக் கம்பி போட்டது. கேரியரில் பால் நிறைந்த தகரத் தோம்பை மாட்டுக் கயிற்றால் கட்டியிருந்தான். வளைவில் துரையின் கார் திரும்பியதும் பதறிப்போய், ஆம்பிளைகள் வழக்கமாக இறங்குகிறபடி வலது காலைப் பின்பக்கம் தூக்கி வீசினான். பின்னால் தோம்பு இருப்பது காலுக்குத் தெரியாது. உதை விழுந்தது. சைக்கிள் ஒரு பக்கம், தோம்பு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். செம்மண்ணில் வெள்ளையாக ஓடிய பால் ஓரக் கால்வாயில் இறங்கியது. வீரமுத்து விழுந்த இடத்திலேயே எழுந்து நின்று சலாம் போட்டான். துரை பார்க்கவில்லை. அவர் டென்னிஸ் ஆடப் போய்க்கொண்டிருந்தார்.

வீட்டில் வெள்ளையம்மா மாட்டுக் கொட்டகையில் சாணம் வழித்துக்கொண்டிருந்தாள். காலித் தோம்பைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"கொட்டிருச்சு" என்றான் வீரமுத்து.

"எம்புட்டு?"

"மொத்தமும். தொரை காரு வந்துச்சு. எறங்குனேன்."

"காரு நின்னுச்சா?"

"நிக்குமா?"

"அப்பறம் நீங்க மட்டும் எதுக்கு நின்னீங்க?"

அவன் முழங்காலில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டினான்.

மறுநாள் வெள்ளையம்மாவே தோம்பைத் தலையில் வைத்துக்கொண்டு டவுனுக்கு நடந்தாள். ரயில்வே குவார்ட்டர்ஸில் முதல் வீடு ஸ்டேஷன் மாஸ்டர் ஏரம்பமூர்த்தியுடையது. அவர் மனைவி யோகம் யாழ்ப்பாணத்துக்காரி. தாய்ப்பால் போதாத கைக்குழந்தை அவளுக்கு. குழந்தையை இடுப்பில் வைத்தபடியே வாசலுக்கு வந்தாள்.

"நேற்று பாலே வரேல்லை. முந்தநாள் வந்தது அடுப்பில வைக்கத் திரைஞ்சு போச்சுது. பிள்ளை பசியில கத்துது, வெள்ளையம்மா. நான் என்ன, அதுக்குக் கஞ்சித் தண்ணியே பருக்கிறது?"

"வெயிலுங்கம்மா. மூணு மைலு தலையில சொமந்து வாரேன்..."

"நீ நடந்து வாறாய் எண்டு பால் பொறுத்துக்கொண்டு இருக்குமோ? நான் உன்னில பிழை சொல்லேல்லை. உன்ர பாலில தண்ணி இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனா டவுனுக்குள்ள ஒருத்தன் சைக்கிளில கொண்டுவந்து தாறன் எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறான். இந்த மாசம் பாப்பன். பிறகு என்னோட கோவிக்கக் கூடாது."

அன்றைய பாலும் யோகத்தின் அடுப்பில் விளிம்பில் திரிந்துதான் பொங்கியது.

யோகம் நிறுத்தினால் குவார்ட்டர்ஸ் முழுவதும் நிறுத்தும். அப்புறம் இரண்டாவது மாட்டுக்குத் தீனி போட முடியாது, விற்க வேண்டும். மாட்டை விற்றால் வெள்ளையம்மா மறுபடியும் புல்வெட்டுக்குப் போக வேண்டும். கித்தா விலை விழுந்த காலத்தில் அவள் பேரை வெட்டி வெளியே அனுப்பினார்களே, அதே கும்பலுக்கு. வெயிலில் குனிந்தே நிற்கிற வேலை. நிமிர்ந்தால் "என்னா, தொரசாணி மாதிரி நிக்கிற?" என்று பின்னால் குரல் வரும். மாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பால் கறக்கிற வேலையில் அப்படி யாரும் சொல்வதில்லை. அந்த ஒரு சுகத்துக்காகவே அவள் மாட்டைப் பிள்ளைபோல் வைத்திருந்தாள்.

"சைக்கிள் ஒண்ணு வாங்கிருவோம்" என்றாள் அன்று சாயங்காலம். "கன்னுக்குட்டி வித்த காசு இருக்கு. அதுக்குள்ள எது வருதோ, அது."

"கங்காணியையும் கூட்டிக்கிட்டுப் போவோம். அவருக்குச் சைக்கிளப் பத்தித் தெரியும்."

"வரட்டும். நானும் வாரேன்."

"நீ எதுக்கு?"

"பாலு என்னுது."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகப் பெக்கோக் பசாருக்குப் போனார்கள். வெள்ளையம்மா காலித் தோம்பையும் மாட்டுக் கயிற்றையும் கையில் எடுத்துக்கொண்டாள். ஐயாசாமி தலைப்பாகையைப் புதிதாகக் கட்டியிருந்தான். வழி முழுக்கப் பேச்சு.

"சைக்கிள்னா சீமைச் சைக்கிள்தாம்ப்பா. மத்ததெல்லாம் தகரம். மொதல்ல மணியடிச்சுப் பாக்கணும். மணிச் சத்தத்துலயே வண்டியோட தரம் தெரிஞ்சிரும்."

"மணியிலயாண்ணே பால ஊத்திக் கொண்டு போகப் போறாரு?" என்றாள் வெள்ளையம்மா.

சைக்கிள் கடை முதலாளியான சீனத் தவுக்கே பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஒரு சக்கரத்துக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். புதுசாக இரண்டு வண்டிகள் வாசலில் நின்றன. ஒன்று சீமை, கறுப்பு, கனம். கன்றுக்குட்டிக் காசில் அதன் முன்சக்கரம் மட்டும்தான் வரும். இன்னொன்று ஜப்பான் வண்டி. லேசு, காசும் கிட்டத்தட்டக் கட்டும். ஐயாசாமி இரண்டின் மணியையும் அடித்தான். டயரைக் கிள்ளினான். பெடலைத் தலைகீழாகச் சுற்றினான். வீரமுத்து டயரைத் தடவிப் பார்த்தான்.

"நம்ம வெட்டுன பாலுதான். சீமைக்குப் போயிட்டு வந்திருக்கு."

"வந்து நம்மகிட்டயே காசு கேக்குது" என்றாள் வெள்ளையம்மா. அவள் கடை வாசல் குழாயில் தோம்பை நிரப்பி, சீமைச் சைக்கிளின் கேரியரில் வைத்து இறுக்கிக் கட்டினாள். "ஏறுங்க."

"வாங்க முடியாத வண்டியில எதுக்கு ஏறச் சொல்ற?"

"கங்காணி அண்ணே ஆசையாச் சொன்னாரில்ல, ஏறுங்க."

ஏறினான். கடை முன்னால் ஒரு சுற்று வந்தான்.

"அண்ணே, தொரை வர்றாருன்னு சொல்லுங்க."

"எங்க?" ஐயாசாமி விருட்டென்று ரோட்டைத் திரும்பிப் பார்த்து, தலைப்பாகையில் கை வைத்தான்.

"வரலண்ணே. சும்மா சத்தம் போட்டுச் சொல்லுங்க."

"தொரை வர்றாரு!"

வீரமுத்துவின் கால் தானாகப் பின்னால் போனது. தோம்பு சாய்ந்து, பாதித் தண்ணீர் தவுக்கேயின் பனியனில் விழுந்தது.

"அலமாக்!" என்று தவுக்கே குதித்தார்.

"இது ஆகாது" என்றாள் வெள்ளையம்மா. மறுபடி தண்ணீர் பிடித்து ஜப்பான் வண்டியில் கட்டினாள்.

இந்தத் தடவை வீரமுத்து உஷாராக இருந்தான். ஐயாசாமி கத்தியதும் காலைப் பின்னால் வீசாமல், முன்பக்கமாகக் குறுக்குக் கம்பிக்கு மேலே தூக்கினான். கைலி கம்பியில் மாட்டிக்கொண்டது. வண்டியோடு சேர்ந்து சாய்ந்தான். பசாரில் வெற்றிலை வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

"மெதுவா எறங்குனா ஒண்ணும் ஆகாது" என்றான், கைலியை இறுக்கிக்கொண்டே.

"தொரை காரு மெதுவா வருமா?"

அவள் கடைக்குள் எட்டிப் பார்த்தாள். மூலையில் ஒன்று சாக்குப் போர்த்திக் கிடந்தது. தவுக்கே கையை ஆட்டினார்.

"அது பெரம்புவான் புஞா. பொம்பளைது. நீ வேணாம்."

முந்தைய துரையின் மனைவி ஓட்டிய சைக்கிள். சீமைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனாள். பச்சை வர்ணம், துருப்பிடித்த ரிம். நடுவில் குறுக்குக் கம்பி கிடையாது. கவுன் போட்டவள் ஏறுவதற்காக அந்த இடம் பள்ளமாக வளைந்து திறந்திருந்தது. வெள்ளையம்மா அதில்தான் கை வைத்தாள்.

"தோம்பக் கட்டுங்க."

"வெளையாடாத, வெள்ளையம்மா."

"கட்டுங்க."

ஐயாசாமிக்கு இதற்குள் வேலை பிடித்துப்போயிருந்தது. வாய்க்குப் பக்கத்தில் கையைக் குவித்து, நிஜமாகவே துரை வந்துவிட்டதுபோல் கத்தினான். வீரமுத்து காலை எங்கேயும் தூக்க வேண்டியிருக்கவில்லை. வலது காலை நடுவழியே இழுத்துத் தரையில் வைத்தான், நின்றான். தோம்பில் தண்ணீர் ஒரு தரம் தளும்பியது. சிந்தவில்லை.

தவுக்கே ஈரப் பனியனைப் பிழிந்துகொண்டே, அரைகுறைத் தமிழில் கேட்டார்: "எல்லா ஆளும் வந்து ஏறிப் பாக்கும். ஓட்டிப் பாக்கும். நீ மட்டும் எறங்கிப் பாக்குது. ஏன்?"

ஐயாசாமி திடீரென்று தன் செருப்பைப் பார்த்தான். இறங்குகிற வழக்கத்தை இன்னொருத்தன் கேள்வியாகக் கேட்கும்போதுதான் அதன் கேவலம் தெரிகிறது.

அப்புறம் பேரம். "சாக்குப் போத்தி வச்சிருக்கியே, இதுவரைக்கும் யாரு கேட்டா?" என்பதையே வெள்ளையம்மா நாலு விதமாகச் சொன்னாள். கன்றுக்குட்டிக் காசில் சைக்கிளும் கனமான கேரியரும் வந்து, இரண்டு டியூபும் மாறின. திரும்பும் வழியில் கடையில் கறி சோறு சாப்பிடும் அளவுக்கு மிச்சமும் இருந்தது. வீரமுத்து மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை.

அவன் பயந்தபடிதான் ஆயிற்று. பால் நன்றாகப் போனது. துரையின் கார் வந்தது. இறங்கினான், நின்றான், ஏறினான். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆனால் அவன் லயத்து வழியாகத் திரும்பும்போது குழாயடியில் நின்ற ஆம்பிளைகள் வழிவிட்டு வணங்கினார்கள்.

"ஒதுங்குங்கடா, தொரசாணி வர்றாங்க!"

"தொரசாணி, சட்டக் கவுனு எங்க?"

சிரித்தவர்கள் எல்லாரும் மறுநாள் காலையில் கிராணியைப் பார்த்துக் கைகட்டப் போகிறவர்கள். அதைச் சொல்லித் திருப்பி அடிக்க வீரமுத்துவுக்கு வாய் வரவில்லை. சில நாளில் முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட்டான்.

"பாலு கெட்டுச்சா?" வெள்ளையம்மா கேட்டாள்.

"இல்ல."

"கொட்டுச்சா?"

"இல்ல."

"அப்பறம் என்னா கெட்டுச்சு?"

"எம் மானம்."

வெள்ளையம்மா கையிலிருந்த புல்லுக்கட்டைக் கீழே போட்டாள். "தொரை காரு வந்தா எறங்கிக் கை கட்டி நிக்கிறீங்களே, அப்பல்லாம் கெடாத மானம், கம்பி இல்லாத சைக்கிள்ல ஏறுனா கெட்டுப்போகுதா? அது என்னாங்க, அந்தக் கம்பியிலயா ஒட்டி வச்சிருக்கீங்க?"

"பேசுவடி. நீ ஏறிப் பாரு, தெரியும்."

"ஏறுறேன்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்ன பிறகு அவளுக்கே அது நல்ல யோசனையாகத் தெரிந்தது.

புகைக்கூண்டுக்குப் பின்னால் விறகு அடுக்கும் வெட்டவெளியில், சாயங்காலங்களில் பழகினாள். பக்கத்து வீட்டு செல்வராணி சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். புகைக்கூண்டிலிருந்து ரப்பர் ஷீட் காயும் வாடை வந்துகொண்டிருக்கும்.

"அக்கா, முன்னால பாருக்கா! சக்கரத்த எதுக்குப் பாக்குற?"

"விட்டுராதடி!"

"விட்டு ரொம்ப நேரமாச்சுக்கா!"

அதைக் கேட்டதும் விழுந்தாள். லாலாங் புல் மேலே விழுந்ததால் அடி இல்லை. முழங்கையில் மட்டும் கீறல்.

ஏறுவதும் மிதிப்பதும் சீக்கிரம் வந்துவிட்டன. இறங்குவதுதான் வரவில்லை. துரைசாணி நெட்டைக்காரி. சீட்டை அடிமட்டம் வரை இறக்கியும் வெள்ளையம்மாவின் கால் தரையில் எட்டவில்லை. கடையில் இறங்கிப் பார்த்தது வீரமுத்துவின் நீளக் காலை வைத்துத்தானே. அவள் குழாயடிச் சிமெண்டு மேடையில் கால் ஊன்றித்தான் ஏறுவாள். நிறுத்த வேண்டுமென்றால் லாலாங்குக்குள் விட்டுச் சாய்வாள், இல்லாவிட்டால் விறகு அடுக்கைப் பிடித்துத் தொங்குவாள். பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்கும், நின்ற வண்டி சாயும். செல்வராணி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

அந்த நாட்களில் வீரமுத்து சைக்கிளில் ஏறாமல், தோம்பைக் கட்டித் தள்ளிக்கொண்டே டவுனுக்குப் போனான். ஒருநாள் பால் திரிந்தது. "மாசக் கடைசி வருகுது எண்டு வெள்ளையம்மாட்டச் சொல்லு" என்று யோகம் சொல்லியனுப்பினாள்.

அதற்குமேல் வெள்ளையம்மா காத்திருக்கவில்லை. அடுத்த நாள் மதியம் மூன்று மணிக்குப் பால் கறந்தாள். சேலையை முட்டுக்குக் கீழே இறுக்கிச் சொருகினாள். வீரமுத்து தோம்பைக் கட்டிக் கொடுத்தான். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.

"தொரை வந்தா?"

"பாத்துக்கிறேன்."

"எப்படி எறங்குவ?"

"வரமாட்டாரு. வந்தாப் பாத்துக்கிறேன்னு சொன்னேனில்ல?"

குழாயடியில் நின்றவர்கள் அவள் ஏறுவதைப் பார்த்தார்கள். சிரிக்க நினைத்தவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. அவள் போய்விட்டாள்.

கித்தாக் காட்டுக்குள் நிழல் குளுமையாக இருந்தது. சக்கரத்தின் அடியில் சருகு நொறுங்கியது. இந்த ரோட்டில் எத்தனை வருஷம் நடந்திருக்கிறாள், இவ்வளவு காற்று இருப்பது இப்போதுதான் தெரிந்தது. சரிவில் வண்டி தானாகவே ஓடியது. சரிவுக்குக் கீழே மரப்பாலம். ஒரே ஒரு கார் போகிற அகலம். அந்தப் பக்கத்தில் துரையின் கார் வந்தது.

இறங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எங்கே இறங்குவது? ஓரத்தில் லாலாங் இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு மரம் இல்லை, இரண்டு பக்கமும் கால்வாய். பிரேக்கைப் பிடித்தால் சாய்வாள். சாய்ந்தால் பால். சலாம் போடவாவது ஒரு கையை எடுக்கலாமென்றால், இரண்டு கையும் பிடியில் ஒட்டிக்கொண்டுவிட்டன. பாலத்துப் பலகைகள் தடதடவென்று சத்தம் போட, அவள் நடுவில் வந்துகொண்டிருந்தாள். கார் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. ஆமாம், நின்றது. வெள்ளையம்மா வாயைத் திறந்தபடி, சக்கரத்தை மட்டும் பார்த்தபடி, துரையைத் தாண்டிப் போனாள்.

ஸ்டேஷன் வேலியைப் பிடித்துத்தான் வண்டியை நிறுத்தினாள். யோகம் பாலை வாங்கி அடுப்பில் வைத்தாள். இரண்டு பேரும் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நுரை வட்டமாக எழுந்து, விளிம்பு வரை வந்து, பொங்கியது. திரியவில்லை.

"என்ன பிள்ளை, இண்டைக்கு இவ்வளவு கெதியா வந்திட்டாய்?"

"தொரையத் தாண்டி வந்துட்டேங்கம்மா. எறங்கல."

"ஐயோ. ஏன் இறங்கேல்லை?"

"எறங்கத் தெரியலங்கம்மா."

யோகம் அவளைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்து, குழந்தையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "டவுன்காரனை இனி வரவேண்டாம் எண்டு சொல்லிவிடுறன்" என்றாள்.

கிராணி சாம்பசிவமும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். அவருடைய ஆள் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டான். ஆபீஸ் வாசலில், படிக்குக் கீழே, புருஷனும் பெண்சாதியும் நின்றார்கள். சம்பளம் விசாரிக்க வந்திருந்த ஆட்களும் நின்றார்கள். வெள்ளையம்மா சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

"துரைக்கு முன்னால இறங்காமல் போனனியாம். ஆரின்ர தைரியத்தில?"

"எறங்கத் தெரியாதுங்கய்யா."

"என்ன கதை இது? ஏறத் தெரியும், இறங்கத் தெரியாதோ?"

"ஆமாங்கய்யா."

"என்னைப் பேய்க்காட்டி ஏமாத்தாதை. இதில ஏறு. ஏறி இறங்கிக் காட்டு பாப்பம்."

வெள்ளையம்மா ஆபீஸ் படியில் கால் ஊன்றி ஏறினாள். முற்றத்தில் ஒரு சுற்று வந்தாள்.

"சரி, நிப்பாட்டு."

"முடியலங்கய்யா!"

"இறங்கு எண்டு சொல்லுறன்!"

"வழி விடுங்கய்யா! ஐயா, வழி!"

அவள் நேராகக் கிராணியை நோக்கித்தான் வந்தாள். வேறு பக்கம் திருப்ப அவளுக்கு அப்போது நினைவில்லை. கிராணி இரண்டு படி தாவி ஏறி ஆபீஸ் கதவைப் பிடித்துக்கொண்டார். சைக்கிள் குரோட்டன் செடி வரிசைக்குள் புகுந்து சாய்ந்து நின்றது. அப்புறம் யாரோ இருமினார்கள். எல்லாரும் இருமினார்கள். வீரமுத்து வானத்தைப் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது.

கிராணி சால்வையைச் சரிசெய்தார். தோட்டத்துக்கு ஒரு நாளும் புத்தி வராது என்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

"துரையிட்ட நான் சொல்லுறன், இந்தப் பொம்பிளைக்கு இறங்கத் தெரியாது எண்டு. பழகு. பழகின பிறகு மரியாதையா இறங்க வேணும். விளங்குதோ?"

"வெளங்குதுங்கய்யா."

பழகினாள். வீரமுத்துவே தவுக்கேயிடம் போய்ச் சீட்டுக் கம்பியை அறுத்துத் தாழ்த்தி வாங்கி வந்தான். அதற்கப்புறம் சீட்டிலிருந்து நழுவி, காலைத் தரையில் ஊன்றி, தோம்பு அசையாமல் நிற்பது அவளுக்கு இரண்டு சாயங்காலத்தில் வந்துவிட்டது. புகைக்கூண்டுக்குப் பின்னால் நாலு தரம் அழகாக இறங்கிக் காட்டினாள்.

"கிராணிகிட்டச் சொல்லிருவமா அக்கா?" என்றாள் செல்வராணி.

வெள்ளையம்மா அவளைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரும் விறகு அடுக்கின் மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார்கள்.

மழைக்காலம் வந்தது, போனது. இரண்டாவது மாடு இன்னொரு கன்று போட்டது. குவார்ட்டர்ஸில் யோகத்தின் குழந்தை வேலியைப் பிடித்து நிற்கப் பழகிவிட்டது. மதியம் மூன்றரைக்குத் துரையின் கார் கிளம்பும். வளைவில் ஹாரன் சத்தம் கேட்டதும் ரோட்டில் போகிற ஆம்பிளைகள் ஒவ்வொருவராகச் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். அன்றும் இறங்கினார்கள். ஐயாசாமி தன் சீமைச் சைக்கிளின் குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். கார் வேகம் குறைந்து ஒரு பக்கமாக ஒதுங்கியது. எதிரே, இறங்கத் தெரியாத பொம்பளை வந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா வெள்ளையம்மா!" ஐயாசாமி கேட்டான், துரைக்குக் கேட்காத குரலில். "இன்னுமா எறங்க வரல?"

வெள்ளையம்மா மணியடித்தாள்.

"எங்கண்ணே, இப்பத்தானே ஏறியிருக்கேன்!"